பழைய வங்கிக்குள் ஒரு சாராயப் பானை

1

நான் இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னால் கள்ளக்குறிச்சியில் யாருக்கும் விளங்காது. கனடாவின் நடுப்பகுதியில், கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயலாகக் கிடக்கும் சமவெளியில், ஒரே ஒரு கடைத்தெரு உள்ள சிற்றூர். உழவு இயந்திரங்கள் பழுது பார்க்கும் பட்டறையில் நான் வெல்டர். என் மனைவி மலர் தியாகதுருகத்துக்காரி, இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். மகள் கயல் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

போன ஜூன் மாதம் கயலின் வகுப்பை உள்ளூர் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெற்றோர் உடன் வரவேண்டும் என்று ஆசிரியை கேட்டிருந்தார். கயல் என்னைக் கேட்கவில்லை, அம்மாவைத்தான் கேட்டாள். மலருக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை, அதனால் நான் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் போகக் காரில் ஏறியதும், "அப்பா, அங்க நீங்க ரொம்ப பேசாதீங்க, ஓகே?" என்றாள். என் ஆங்கிலம் அவளுக்கு ஒரு தலைவலி என்பது எனக்குத் தெரியும். சரி என்றேன்.

அது எந்த வாரம் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வருடம் அதே வாரத்தில்தான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் வரிசையாகப் பாடை கட்டினார்கள். விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்களின் வீடுகள் அவை. என் தம்பி ஏழுமலையும் குடித்திருந்தான். சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் சாகவில்லை. கண் இரண்டும் போய்விட்டன.

2

மியூசியம் இருப்பது ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில். மஞ்சள் கல்லில் கட்டியது. வாசலில் இரண்டு தூண்கள். இந்த ஊருக்கு ரயில் வந்த காலத்தில் கட்டினார்களாம். பிறகு வங்கி கிளையை மூடிவிட்டுப் போக, ஊர்க்காரர்கள் கட்டடத்தை இடிக்கவிடாமல் வாங்கி மியூசியமாக்கிவிட்டார்கள். காசாளர் உட்காரும் பித்தளைக் கம்பிக் கூண்டுகள் அப்படியே இருக்கின்றன. கூண்டுக்குப் பின்னால் ஒரு முடிதிருத்துபவரின் நாற்காலி, பள்ளிக்கூடத்து மணி, தானியம் நிறுக்கும் தராசு, பனிச்சறுக்குச் செருப்புகள். யார் வீட்டுப் பரணிலிருந்து எது வந்ததோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். உடைந்த தையல் ஊசிப்பெட்டிக்குக்கூட ஒரு சீட்டு.

சுற்றிக் காட்டியவர் மார்கரெட் என்ற வயதான அம்மாள். சம்பளம் வாங்காமல் செய்கிறார். எண்பதைத் தாண்டியிருக்கும். பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டார். கயலின் பெயரைச் சரியாகச் சொல்ல வரும்வரை விடவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கடைசியாகப் பணப் பெட்டக அறைக்குக் கூட்டிப்போனார். ஆள் உயரத்துக்கு இரும்புக் கதவு. பிள்ளைகள் அதைத் தள்ளிப் பார்த்துக் கத்தினார்கள். உள்ளே பணம் இருந்த இடத்தில் ஒரு செம்புப் பானை. கூம்பு மாதிரி மூடி, அதிலிருந்து வளைந்து இறங்கும் குழாய், குழாயின் முனையில் ஒரு கண்ணாடிக் குடுவை. அடியில் சிவப்பு விளக்கு வைத்து அடுப்பு எரிவதுபோல் செய்திருந்தார்கள்.

எனக்குச் சீட்டைப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

"இது என் தாத்தாவுடையது. மதுவிலக்கு இருந்த காலத்தில் ராத்திரியில் காய்ச்சுவார். போலீஸ் வந்தால் பன்றிக் கொட்டிலுக்குள் ஒளித்துவிடுவார். வந்த போலீஸ்காரரும் ஒரு குடுவை வாங்கிக்கொண்டுதான் போவார்" என்றார் மார்கரெட். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்தார். இந்த ஊரில் அந்தத் தாத்தா ஒரு செல்லப் பிள்ளை என்று புரிந்தது.

பிள்ளைகள் மாட்டிக்கொள்ள ஒரு கூடையில் பழைய தொப்பிகள் வைத்திருந்தார்கள். பானைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். கயல் ஒரு சாம்பல் நிறத் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கையைப் பானையின் தோளில் போட்டு, இன்னொரு கையில் காலிக் குடுவையைத் தூக்கிப் பிடித்தாள். அவள் இப்படிச் சிரித்து நான் வெகு நாளாகப் பார்க்கவில்லை. வகுப்பில் பின்னாலேயே நிற்கிற பெண் அவள். அன்று எல்லாரும் அவளைப் பார்த்துக் கை தட்டினார்கள். மார்கரெட் படம் எடுத்தார்.

நான் வெளியே வந்து வங்கிப் படியில் உட்கார்ந்துகொண்டேன். பேருந்து கிளம்பும்வரை உள்ளே போகவில்லை.

3

வீட்டுக்கு வந்ததும் கயல் கேட்டாள். "ஏன் அப்பா வெளிய போனீங்க? நான் ஏதாவது தப்பு பண்ணேனா?"

"இல்லடா. சித்தப்பாவுக்குக் கண்ணு தெரியாமப் போச்சு இல்ல? அது சாராயம் குடிச்சதாலதான்."

"சாராயம்னா?"

அந்தச் சொல் எங்கள் வீட்டில் புழங்குவதில்லை. மலருக்கு அதைக் கேட்டாலே ஆகாது. மார்கரெட் சொன்ன ஆங்கிலச் சொல்லையே சொன்னேன். மூன்ஷைன். நிலா வெளிச்சம். எங்கள் தெருவில் அத்தனை பேரைக் கொண்டுபோன பொருளுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர்.

கயல் அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அப்ப சித்தப்பா கண்ணு உடைஞ்சு போச்சா? சரி பண்ண முடியாதா?"

உடையவில்லை, நரம்பு செத்துப்போயிற்று என்று சொன்னேன். அவளுக்கு அந்தத் தமிழ் எட்டவில்லை. எனக்கு அந்த ஆங்கிலம் எட்டவில்லை. "பாய்ஸன்னு தெரிஞ்சும் ஏன் குடிச்சாங்க?" என்றாள். "உங்க ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்களா?"

உங்க ஊர்.

ஏழுமலை மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். நெல், மக்காச்சோளம், பருத்தி எது வந்தாலும் லாரியிலிருந்து இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும். அறுவடைக் காலத்தில் முதுகை நிமிர்த்த நேரம் இருக்காது. சாயங்காலம் உடம்பு வலிக்கு ஒரு பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்துவிட்டுப் படுப்பான். அவனோடு மூட்டை தூக்கிய எல்லாரும் அப்படித்தான். அந்த ஆட்களில் பாதிப் பேர் இன்று இல்லை.

நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த வருடம், கல்வராயன் மலையில் கரியாலூர் பக்கம் ரோடு போடும் வேலைக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். ஒரு நாள் ஓடையோரம் தண்ணீருக்குப் போனபோது புதருக்குள் சருகு மூடிய பேரல்களைப் பார்த்தோம். வெல்லம் புளித்த வாடை அடித்தது. சாராயம் காய்ச்சப் போட்ட ஊறல். மேஸ்திரி எங்களைக் கூப்பிட்டு, "பாத்தாலும் பாக்காத மாதிரி வந்துக்கினே இருங்கடா" என்றார். மலையில் இருக்கிறவர்கள் எல்லாரும் காய்ச்சுகிறவர்கள் என்று கீழே ஒரு பேச்சு உண்டு. நாங்கள் பார்த்த மலைக்காரர்கள் மரவள்ளி நட்டார்கள், கடுக்காய் பொறுக்கினார்கள், எங்களைப்போலவே கல் சுமந்தார்கள்.

தம்பியின் கண்ணைக் கொண்டுபோனது அந்த மலைச் சரக்கும் இல்லை. ஏதோ ஒரு கெமிக்கலில் தண்ணீர் ஊற்றி பாக்கெட்டில் அடைத்தது. அதற்கு அடுப்பு வேண்டாம், பானை வேண்டாம், குழாய் வேண்டாம். மியூசியத்தில் வைப்பதற்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. காலிப் பாக்கெட்டைச் சாக்கடை அடித்துக்கொண்டு போய்விடும்.

கண் போன விதத்தை அவன் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். "கரியாலூர்ல காத்தால பனி எறங்கி வரும் பாருண்ணா, பக்கத்துல கீற ஆளுகூடத் தெரியாம. அந்த மாதிரி மொதல்ல எல்லாம் வெள்ளையா ஆயிடுச்சு. பனி வெலகிடும்னு சும்மா குந்திக்கினு இருந்தேன். அப்புறம் அந்த வெள்ளையும் போயிடுச்சு."

4

அவனை இங்கே அழைத்துவரலாம் என்று விசாவுக்கு எழுதியிருந்தேன். ஒரு தடவை மறுத்துவிட்டார்கள். வந்தால் திரும்பிப் போவார் என்று நம்ப இடமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். கண் தெரியாத ஒரு மனிதன் இந்தப் பனியில் எங்கே ஓடி ஒளிந்துகொள்வான் என்று யாரிடம் கேட்பது? நிலம் உண்டா, நிரந்தர வேலை உண்டா, வங்கியில் இருப்பு உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் இல்லை என்பதுதான் அவனுடைய பதில். வேலை இருந்தது, கண் இருந்தவரை.

உண்மையில் அவனைக் கூட்டிவந்து நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. சேலத்தில் எடுத்த படங்களை இங்கே ஒரு கண் மருத்துவரிடம் காட்டினேன். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, உலகத்தில் எங்கே போனாலும் இதற்கு வழியில்லை என்றார். நான் அதைத் தம்பியிடமும் சொன்னேன். அவன் கேட்கவில்லை. "போட்டோல பாத்துச் சொல்றதும் நேர்ல பாத்துச் சொல்றதும் ஒண்ணாண்ணா? நேர்ல பாத்தா வேற சொல்லுவாரு" என்றான். அவன் மகள் சந்தியாவுக்குப் பதினான்கு வயது. அம்மா சித்தாள் வேலைக்குப் போய்விடுவதால், அப்பனைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். கண் வந்ததும் மறுபடி சேர்த்துவிடலாம் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அதனால் இரண்டாம் தடவையும் எழுதிப் போட்டேன். மியூசியம் போன அந்த வாரம்வரை அதற்குப் பதில் வரவில்லை.

5

அடுத்த சனிக்கிழமை தனியாக மியூசியத்துக்குப் போனேன். வேறு யாரும் இல்லை. காசாளர் கூண்டுக்குள் உட்கார்ந்து மார்கரெட் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். கயலின் அப்பா என்று அடையாளம் கண்டுகொண்டார்.

என்ன சொல்வது என்று வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். சாராயம் குடித்து என் தம்பி கண்களை இழந்துவிட்டான் என்று சொன்னேன். கண்களுக்கான ஆங்கிலச் சொல் என் வாயில் பனிக்கட்டியைச் சொல்லும் ஐஸ் என்றே வந்துவிட்டது. ஐஸில் தம்பியை இழந்துவிட்டேன் என்று அவர் விளங்கிக்கொண்டு, பின்னலைக் கீழே வைத்து, "அடடா, எந்த ஏரியில்?" என்று கேட்டார். இங்கே குளிர்காலத்தில் உறைந்த ஏரி உடைந்து ஆட்கள் செத்துப்போவது உண்டு. நான் என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். பெட்டக அறையைக் காட்டினேன். அப்புறம் அவருக்குப் புரிந்தது.

கீழே வைத்த பின்னலை எடுத்துப் பைக்குள் போட்டு மூடினார்.

"இங்கே யாருக்கும் அப்படி ஆனதில்லையா?" என்று கேட்டேன்.

"ஆனது" என்றார். "எங்கள் பண்ணையில் வேலை செய்த ஒருவர். ஐரோப்பாவில் எங்கிருந்தோ வந்தவர். அவர் பெயர் யார் வாயிலும் நுழையாது, அதனால் ஜோ என்று கூப்பிட்டார்கள். என் தாத்தா காய்ச்சியதா, வேறு யாராவது காய்ச்சியதா தெரியாது. கண் போய்விட்டது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தினமும் தபால் ஆபீஸ் படியில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் பிள்ளைகள் குரலை மாற்றி, நான் யார் சொல்லு பார்க்கலாம் என்று கேட்டு விளையாடுவோம்." சொல்லும்போது அந்த விளையாட்டு நினைவுக்கு வந்து சிரிக்க ஆரம்பித்தார். பிறகு நிறுத்திவிட்டார். "அவர் எப்போது செத்தார் என்றுகூட எனக்குத் தெரியாது."

"பானைக்குப் பக்கத்தில் அவரைப் பற்றி ஒரு சீட்டு வைக்க முடியுமா?" என்றேன்.

மியூசியம் குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். தானே பேசுவதாகவும் சொன்னார். அவர் பேசினார் என்றுதான் நான் நம்புகிறேன். சில வாரம் கழித்து, அவரே பட்டறைக்கு வந்தார். வெல்டிங் சத்தத்துக்கு நடுவே காதைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். நான் முகமூடியைக் கழற்றிவிட்டுப் போனேன்.

"முடியாது என்கிறார்கள்" என்றார். "குடும்பங்கள் வருகிற இடமாம். பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம். அதோடு, சரியான பெயரும் தெரியாத, ஒரு படமும் இல்லாத ஆளைப் பற்றி எதை வைத்து எழுதுவது என்கிறார்கள்."

நான் தலையாட்டினேன். அவருக்கு என்னைச் சும்மா விட்டுப் போக மனம் வரவில்லை. "புதிதாக வந்தவர்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கப் போகிறோம். உங்கள் ஊர்ப் பொருள் ஏதாவது தந்தால் நன்றாக இருக்கும். பித்தளை விளக்கு, சேலை, அந்த மாதிரி. பார்க்க அழகாக இருக்கிற எதுவும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று முழுக்க வேலையில் கை ஓடவில்லை. பண்ணைக்கு வேலை செய்ய வந்து, பெயரை இழந்து, கண்ணை இழந்து, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அந்த மனிதனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கும் எங்கேயோ ஒரு ஊரில் அண்ணனோ தம்பியோ இருந்திருப்பான். செய்தி போயிருக்காது.

6

ஆகஸ்ட் மாதம் ஊர்த் திருவிழா. அதற்கு மியூசியத்துக்காரர்கள் போஸ்டர் அடித்திருந்தார்கள். வங்கி ஜன்னலில் ஒன்று, மளிகைக் கடையில் ஒன்று, தபால் ஆபீஸ் வாசலில் ஒன்று. எல்லாவற்றிலும் கயல் தொப்பியும் குடுவையுமாகப் பானையின் தோளில் கை போட்டுச் சிரிக்கிறாள். படம் எடுக்கலாம், பயன்படுத்தலாம் என்று பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் முன்பே சம்மதம் கொடுத்திருந்தோம்.

போஸ்டரை எடுத்துவிடச் சொல்லலாம் என்று நினைத்தேன். மலரும் அதையே சொன்னாள். "இன்னாங்க இது, வூட்டுப் பொண்ண இப்டி ஊர் பூரா ஒட்டி வெச்சுக்கீறாங்க. போய்ச் சொல்லுங்க." கிளம்பும் முன் கயலிடம் ஒரு வார்த்தை கேட்டேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "எடுக்க வேணாம் அப்பா. நம்ம ஊர்ல எல்லாருக்கும் இப்பதான் என்னைத் தெரியுது. கடைல பேர் சொல்லி கூப்பிடறாங்க."

நம்ம ஊர் என்று அவள் சொன்னது இந்த ஊரை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். போஸ்டர் அங்கேயே இருந்தது.

அந்த வாரம் விசாவுக்கும் பதில் வந்துவிட்டது. போன தடவை சொன்ன அதே காரணம், அதே வாக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் போன் செய்தேன். முதலில் எடுத்தது அவன் மனைவி செல்வி. கடைத்தெருப் போஸ்டர் படத்தைக் கயலே சந்தியாவுக்கு அனுப்பியிருக்கிறாள். இங்கே எங்களிடம் சொல்லவில்லை.

"மாமா, பாப்பா பக்கத்துல கீறது இன்னாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள் செல்வி, குரலைத் தாழ்த்தி. "அவருகிட்ட தண்ணித் தவலைன்னு சொல்லிக்கீறேன். நீங்களும் அப்டியே சொல்லிடுங்க. பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க, அது கொழந்த."

அவனிடம் போனைக் கொடுத்தாள்.

"இன்னாண்ணா, பாப்பா படத்த ஊரெல்லாம் ஒட்டிக்கீறாங்களாமே" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். "சந்தியா ரெண்டு மூணு தபா சொன்னா. தொப்பி போட்டுக்கினு சிரிக்குதாம். நல்லா சிரிக்குதா?"

"நல்லா சிரிக்குதுடா."

"இப்ப எவ்ளோ உயரம் இருக்கும்?"

"மலர் தோளத் தாண்டிடுச்சு."

"அப்டியா" என்றான். சற்று நேரம் அவன் மனதுக்குள் அவளை உயரமாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். மழை பெய்ததா என்று கேட்டேன். மார்க்கெட் கமிட்டியில் இப்போது யார் மேஸ்திரி என்று கேட்டேன். அவன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான்.

கடைசியில், "விசா வரலடா ஏழுமல" என்றேன்.

"தெரியும்ணா. வந்திருந்தா போன எடுத்ததுமே அதத்தான சொல்லியிருப்ப."

அவனே மேலும் சொன்னான். "வுடு. நீ இன்னா பண்ணுவ. ஒடம்பப் பாத்துக்க. பாப்பாவ திட்டாத, அங்க எல்லாம் புள்ளைங்கள திட்டக் கூடாதாம். வெச்சுடறேன்."

வைக்கவில்லை. டச் போனில் அணைக்கும் இடம் அவனுக்குப் பிடிபடாது. எப்போதும் நான்தான் இந்தப் பக்கமிருந்து அணைப்பேன். அன்று அணைக்கத் தோன்றவில்லை. அவன் போனைப் பாயில் வைத்திருப்பான் போலிருக்கிறது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. தெருவில் யாரோ தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். குடங்கள் உரசின. செல்வி வெளியே ஓடியிருப்பாள்.

பிறகு சந்தியாவின் குரல் கிட்டத்தில் கேட்டது. "பெரியப்பா இன்னா சொன்னாருப்பா? விசா வந்துட்ச்சா?"

"வருமாம்" என்றான் ஏழுமலை. "கொஞ்சம் லேட்டு ஆவும்னு சொன்னான்."

நான் போனை அணைத்தேன்.